நான்கு மெகாபைட் இடமும் இருபதாண்டு உழைப்பும்

ரவுட்டர் என்னும் பெட்டியை நாம் கணினி என்று எண்ணுவதில்லை. அலமாரியின் மேல் தூசி படிந்து, இரண்டு மூன்று பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு சாமான், அவ்வளவே. இணையம் நின்றுபோனால்தான் அதன் நினைவு வரும். அப்போதும் மின்னிணைப்பைப் பிடுங்கி மறுபடி செருகுவதோடு நம் உறவு முடிந்துவிடும். அதற்குள்ளும் ஒரு செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் உண்டு. அந்த இயங்குதளத்தை யாரேனும் தொடர்ந்து பேணவேண்டும், இல்லையெனில் அது உளுத்துப்போகும் என்பது எனக்கே மிகத் தாமதமாகத்தான் உறைத்தது. மென்பொருளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிறந்த கதையைத்தான் எழுதுகிறார்கள். யார் கண்டுபிடித்தார், எந்தக் கார் ஷெட்டில், எந்த இரவில் என்று. பிறந்தபின் அதற்குச் சோறூட்டியவர்கள் யார் என்று கேட்டால் ஏடுகள் மௌனம் சாதிக்கும். அப்படிச் சோறூட்டி வளர்க்கப்பட்ட ஒன்றின் கதையைச் சொல்ல முயல்கிறேன்.

2002 டிசம்பரில் அமெரிக்காவின் லின்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கருப்புமான உடல், பின்புறம் இரண்டு கொம்புகள்போல ஆண்டெனாக்கள். உள்ளே 125 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பிராட்காம் செயலி, 16 மெகாபைட் நினைவகம், நிரல்களைப் பதித்துவைக்க 4 மெகாபைட் ஃபிளாஷ். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படம் அந்த நான்கு மெகாபைட்டில் அடங்காது. 2003 மார்ச்சில் லின்க்சிஸை ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சிஸ்கோ அறிவித்தது. மூன்றே மாதங்களில், ஜூன் மாதம், லினக்ஸ் கெர்னல் நிரலாளர்களிடையே ஒரு செய்தி பரவியது. அந்த நீலப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். ஆனால் அதன் மூலநிரலை நிறுவனம் எங்கும் தரவில்லை.

லினக்ஸ் கெர்னல் 1991இல் வெளியான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பெற்றவருக்கு மூலநிரலையும் பெறும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். சிஸ்கோவுக்குத் தான் வாங்கிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்ததா என்பதே ஐயம். சில்லு பிராட்காமுடையது. அதற்கான நிரலாக்கம் தைவானைச் சேர்ந்த சைபர்டானின் கையில். பெயர்ப்பலகை லின்க்சிஸுடையது. அந்தப் பெயர்ப்பலகையைக் கடைசியில் வாங்கியவர் சிஸ்கோ. கைமாறிக் கைமாறி வந்த வீட்டில் பழைய கடன் ஒன்று சுவருக்குள் புதைந்திருந்ததைப் போன்ற நிலை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் நிரலாளர்களும் நெருக்கவே, அந்த ஆண்டிலேயே மூலநிரல் வெளிவந்தது. (சிஸ்கோவுக்கும் அறக்கட்டளைக்கும் இடையிலான பிணக்கு அத்துடன் தீரவில்லை. 2008 டிசம்பரில் அறக்கட்டளை வழக்கே தொடுத்தது. 2009 மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது.)

இங்கே வழக்கமாகக் கதையை ‘மக்கள் வென்றார்கள்’ என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அந்த உரிமத்தின் மூன்றாம் பிரிவில், பலரும் வாசிக்காமல் தாண்டிப்போகும் ஒரு சொற்றொடர் உண்டு. மூலநிரல் என்றால் நிரல் வரிகள் மட்டுமன்று, அவற்றைத் தொகுப்பதற்கும் நிறுவுவதற்கும் பயன்படுத்திய கட்டளைக் கோப்புகளும் அதில் அடங்கும் என்பது அதன் பொருள். நம் மரபில் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சூத்திரத்தை மட்டும் கொடுத்து உரையை மறைத்துவைத்தால் நூல் கைக்கு வந்தும் வராததுதான். இருபது லட்சம் வரிகள் கையில் இருந்தாலும், எந்த வரிசையில், எந்தக் கருவியால், எந்தத் தெரிவுகளோடு அவை இயந்திர மொழியாக மாறின என்பது தெரியாவிட்டால், பெட்டி மூடிய பெட்டியாகவே இருக்கும்.

ரவுட்டர் விஷயத்தில் இது இன்னும் கடினம். அதன் செயலி மிப்ஸ் வகை. நம் மேசைக்கணினி இன்டெல் வகை. நான்கு மெகாபைட்டுக்குள் கம்பைலரை வைத்துத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வசதி அந்தப் பெட்டிக்கு இல்லை. எனவே மேசைக்கணினியில் ஓடிக்கொண்டே மிப்ஸின் மொழியில் எழுதும் ஒரு கம்பைலரை முதலில் கட்டவேண்டும். அந்தக் கம்பைலருக்கு ஒரு சி நூலகம் வேண்டும். நூலகத்தைக் கட்ட ஒரு கம்பைலர் வேண்டும். விதையா மரமா என்ற இந்த முடிச்சைப் படிப்படியாக அவிழ்த்து, பிறகு கெர்னல், பிறகு சிறு கருவிகள், பிறகு எல்லாவற்றையும் அழுத்திச் சுருக்கி ஒரே பிம்பமாக ஃபிளாஷில் இடவேண்டும். ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் இரண்டாம் முறை செய்யத் துணியமாட்டார்.

இந்த முடிச்சை முன்பே ஒருவர் அவிழ்த்து வைத்திருந்தார். சிறு கருவிகளுக்கென யுசிலிப்சி என்ற மெலிந்த சி நூலகத்தை எழுதிவந்த எரிக் ஆண்டர்சன், அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக ‘பில்ட்ரூட்’ என்ற கட்டுமானச் சாரத்தை 2001 வாக்கில் அமைத்திருந்தார். கட்டடம் எழுப்பக் கட்டிய சாரமே கட்டடத்தைவிடப் பயனுள்ளதாய்ப் போன விந்தை அது. சோதனைக்காகப் பிறந்ததாலோ என்னவோ, பல ஆண்டுகள் அதற்கு முறையான வெளியீடு என்று எதுவுமே இல்லை. அன்றன்று இருப்பதை அள்ளிக்கொண்டு போனார்கள். அவரவர் வீட்டில் அவரவர் பில்ட்ரூட். 2009 ஜனவரியில் பீட்டர் கோர்ஸ்கார்ட் பராமரிப்பாளர் பொறுப்பை ஏற்று, அடுத்த மாதமே முதல் வெளியீட்டைச் செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியீடு என்ற ஒழுங்கைக் கொண்டுவந்த பிறகுதான் அது ஒரு திட்டமாக நிலைபெற்றது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், நாட்காட்டியைப் பின்பற்றியே ஒரு மென்பொருளைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பில்ட்ரூட்டையும் லின்க்சிஸ் வெளியிட்ட மூலநிரலையும் சேர்த்து 2004 ஜனவரியில் தொடங்கப்பட்டதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. எழுத்தெழுத்தாகச் சொல்வோர் உண்டு. சேர்த்து ‘ஓப்பன்வர்ட்’ என்போரும் உண்டு. தட்டச்சு செய்யும் விரல்களின் நலன் கருதி நான் பின்னதையே கொள்கிறேன். அக்காலத்தில் அதே பெட்டிக்கு மாற்று மென்பொருள் செய்தவர்கள் வேறு சிலரும் இருந்தனர். அவர்கள் லின்க்சிஸின் மென்பொருளை எடுத்து, அதன்மேல் சில வசதிகளை ஒட்டி, முடிந்த பண்டமாகக் கொடுத்தார்கள். ஓப்பன்வர்ட் தொடங்கியவர்கள் எடுத்த முடிவு வேறு. பண்டத்தைக் கொடுக்காமல், பண்டம் செய்யும் பட்டறையைக் கொடுத்தார்கள். அடித்தளத்தைச் சுருக்கி, மற்றவை யாவும் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் தனித்தனிப் பொதிகளாயின. அழுத்திய, மாறாத கோப்பமைப்பின்மேல் எழுதக்கூடிய மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்தினார்கள். பயனர் எதைக் குளறுபடி செய்தாலும் படலத்தை உரித்தெறிந்தால் அடித்தளம் அப்படியே இருக்கும். நான்கு மெகாபைட் என்ற வறுமை பெற்றெடுத்த சிக்கனம் இது. இன்றளவும் அதன் உடலமைப்பு அதுவே.

வெளியீடுகளுக்கு மதுக்கலவைகளின் பெயர்களைச் சூட்டினார்கள். முதலாவது ஒயிட் ரஷ்யன், அடுத்தது காமிகாசே, பின்னர் பேக்ஃபயர் முதலானவை. ரவுட்டருக்குள் நுழைந்ததும் திரையில் அந்தக் கலவையின் செய்முறை தோன்றும்: இத்தனை பங்கு வோட்கா, இத்தனை பங்கு காலுவா, கொஞ்சம் பாலேடு. மதுவைத் தொடாத எனக்கே ஒயிட் ரஷ்யனின் செய்முறை மனப்பாடம். 2007இல் வந்த காமிகாசேதான் உண்மையான திருப்பம் என்பேன். ஒரே பெட்டிக்காக எழுதிய ஒட்டுவேலைகளைக் கலைத்து, எந்தச் செயலிக்கும், எந்தப் பெட்டிக்கும் கட்டக்கூடிய வகையில் கட்டுமான அமைப்பு திருத்தி எழுதப்பட்டது. நீலப் பெட்டி அன்றுமுதல் பலவற்றுள் ஒன்று.

நீலப் பெட்டியே அதற்குள் மாறியிருந்தது. 2005இல் வந்த ஐந்தாம் வடிவத்தில் லின்க்சிஸ் லினக்ஸைக் கைவிட்டு விஎக்ஸ்ஒர்க்ஸ் என்ற வணிக இயங்குதளத்துக்குத் தாவியது. ஃபிளாஷ் 2 மெகாபைட்டாகவும் நினைவகம் 8 மெகாபைட்டாகவும் பாதியாய்ச் சுருங்கின. பெட்டியைப் பிரித்து விளையாடும் கூட்டத்துக்கென்றே பழைய உறுப்புகளோடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற தனி வடிவத்தையும் அவர்கள் விற்றார்கள். கடைசி எழுத்தான எல், லினக்ஸைக் குறிப்பது. அதே உறுப்புகள், கூடுதல் விலை! சுதந்திரத்துக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்ட அரிய தருணங்களில் ஒன்று.

வெளியான மூலநிரலில் வேறொரு ஓட்டையும் இருந்தது. கம்பியில்லா ரேடியோவை இயக்கும் பிராட்காமின் பகுதி, இயந்திர மொழியில் தொகுத்த பொட்டலமாக மட்டுமே கிடைத்தது. அது லினக்ஸ் 2.4 கெர்னலுக்கென்று தொகுக்கப்பட்டது. உலகம் 2.6க்குச் சென்று ஆண்டுகள் கழிந்தபின்னும், வைஃபை வேண்டுமென்றால் இந்தப் பெட்டிகள் 2.4இலேயே கட்டுண்டு கிடக்க வேண்டியிருந்தது. மூடிய சிறு துண்டு ஒன்று முழுத் தேரையும் நிலைக்குள்ளேயே நிறுத்திவைக்கும். தன்னார்வலர்கள் அந்தப் பொட்டலத்தின் நடத்தையைக் கவனித்து, விவரக்குறிப்பை ஒரு குழு எழுத, அதை மட்டும் பார்த்து மறுகுழு புதிதாக நிரலெழுத, 2006இல் அந்தத் திறந்த இயக்கி லினக்ஸில் சேர்ந்தது. மாறாக, அதரோஸ் நிறுவனம் 2008இல் தானே முன்வந்து தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியைக் கொடுத்தது. பின்வந்த ஆண்டுகளில் ஓப்பன்வர்ட் ஓடிய மலிவான பெட்டிகளில் அதரோஸ் மலிந்ததற்கு இதுவே காரணம்.

இனி, பேணுதல் என்றால் நாள்தோறும் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இக்கட்டுரையை எழுத நினைத்ததே இதற்காகத்தான்.

ஓப்பன்வர்ட் பிறருடைய நூற்றுக்கணக்கான மென்பொருள்களைச் சேகரித்துக் கட்டுவது. கெர்னல், கம்பைலர், சி நூலகம் என ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறிக்கொண்டிருக்கும். மூலத்தின் பிரதியை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. எங்கிருந்து எடுப்பது, எடுத்தது கலப்படமற்றதா என்று காட்டும் கைரேகை எண் எது, எடுத்தபின் என்னென்ன திருத்தங்களைப் பூசுவது என்ற குறிப்புகளைத்தான் வைத்திருக்கிறது. அத்திருத்தங்களுக்குப் ‘பேட்ச்’ என்று பெயர். சுவடிப் பதிப்பாசிரியர் மூலபாடத்தைத் தொடாமல் அடிக்குறிப்பில் பாடபேதம் தருவதைப்போல, எந்த வரி நீங்கி எந்த வரி வந்தது என்று மட்டும் பேட்ச் சொல்லும். கெர்னலுக்கான பொதுத் திருத்தங்கள் மூன்று அடைவுகளில் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஒன்று ‘பேக்போர்ட்’: மூலக் கெர்னல் ஏற்றுக்கொண்டுவிட்டவை, புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு இறக்கியவை. அடுத்தது ‘பெண்டிங்’: மூலத்துக்கு அனுப்பத்தக்கவை, ஆனால் இன்னும் சேராதவை. மூன்றாவது ‘ஹேக்’: மூலம் ஒருநாளும் ஏற்காது என்று தெரிந்தே வைத்திருப்பவை. தம் வேலையில் எது நல்லது, எது இடைக்காலத்தது, எது வெட்கத்துக்குரியது என்று இவ்வளவு வெளிப்படையாக அடைவு பிரித்து வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

புதிய நெடுங்காலக் கெர்னல் வரும்போதெல்லாம் இத்தனை திருத்தங்களையும் எடுத்துப் பொருத்திப் பார்க்கவேண்டும். அடியிலிருந்த வரி நகர்ந்திருக்கும், பெயர் மாறியிருக்கும், சில வேளைகளில் அந்தக் கோப்பே இல்லாமல் போயிருக்கும். ஒவ்வொரு சில்லுக் குடும்பத்துக்கும் யாராவது இந்தச் சாரத்தை அடுத்த மாடிக்கு ஏற்றவேண்டும். ஏற்ற ஆளில்லாத குடும்பம் அடுத்த வெளியீட்டில் நீங்கிவிடும். கோபமில்லை, தண்டனையில்லை, ஆளில்லை, அவ்வளவுதான். நான்கு மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பெட்டிகளுக்கு 19.07 வரிசையே கடைசி அதிகாரபூர்வ வெளியீடாயிற்று. அதன் இறுதிப் பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது. கெர்னல் பருத்துக்கொண்டே போனது. பெட்டி அப்படியே இருந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் பட்டியலில் இல்லாத மலிவான ரவுட்டர் ஒன்று கைக்கு வந்தது. அதன் தயாரிப்பாளர் புதுப்பிப்பு தருவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். திருகாணி கழற்றி, பலகையில் நான்கு சிறு துளைகளைக் கண்டுபிடித்து, கம்பி பற்றவைத்து, நொடிக்கு 115200 பிட் வேகத்தில் அதன் முணுமுணுப்பைக் கேட்க ஓர் இரவு பிடித்தது. எந்த விளக்கு எந்தக் காலில், எந்தப் பொத்தான் எங்கே, ஃபிளாஷின் எந்தப் பகுதியில் ரேடியோவின் அளவீட்டுத் தரவு என்று ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் விவரணக் கோப்பை எழுதி முடிக்க ஒரு வாரம். பெட்டி ஓடியது; வெற்றிக் களிப்போடு பேட்சை அனுப்பினேன். மூன்றுமுறை திரும்பி வந்தது. முதல்முறை, பட்டியலில் என் பெட்டியின் பெயரை அகரவரிசைப்படி வைக்காததற்காக. இரண்டாம் முறை, ஒரே பேட்சில் இரண்டு வேலைகளைச் செய்ததற்காக. மூன்றாம் முறை கேட்கப்பட்ட கேள்விதான் உறைத்தது. ஒவ்வொரு இடைமுகத்தின் மேக் முகவரியும் தயாரிப்பாளரின் மென்பொருளில் எங்கிருந்து வருகிறது, நீங்கள் சரிபார்த்தீர்களா? பயனர் பழைய மென்பொருளுக்குத் திரும்ப விரும்பினால் வழி என்ன, அதை ஏன் குறிப்பில் எழுதவில்லை? என் மேசையில் ஓடியது போதும் என்று நான் நினைத்திருந்தேன். முகம் தெரியாத யாரோ ஒருவரின் மேசையில், நான் மறந்துபோன பின்னும் அது ஓடவேண்டும் என்பது கேட்டவரின் கவலை. சற்று எரிச்சலோடுதான் திருத்தினேன்.

பேட்சின் அடியில் ‘கையொப்பமிட்டவர்’ என்று பெயரும் முகவரியும் இடவேண்டும். இந்த வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2003இல் எஸ்சிஓ நிறுவனம், லினக்ஸில் தனக்குரிய நிரல் கலந்துள்ளது என்று ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட ஒழுங்கான பதிவு இல்லாததை அப்போது உணர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 2004இல் இந்த உறுதிமொழி முறையைக் கொண்டுவந்தார். இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்பதே அந்த ஒற்றை வரியின் பொருள். நீலப் பெட்டியின் சிக்கலையும் எண்ணிப் பாருங்கள். கைமாறி வந்த நிரலின் கடனை யாரும் கேட்டு வைக்காததால் விளைந்தது அது.

இப்படிச் சேர்ந்த பட்டறையிலிருந்து என்ன விளைந்தது? பெர்லினில் தொடங்கி ஜெர்மனியெங்கும் பரவிய ஃப்ரைஃபங்க் என்ற குடிமக்கள் கம்பியில்லா வலையமைப்பு, கூரைகளின்மேல் ஏற்றிய பெட்டிகளில் ஓப்பன்வர்ட் வழிவந்த மென்பொருளை ஓட்டியது. இன்னொன்று, வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை அனுப்பினால் மற்றவரின் பேச்சு திக்குகிறதே, அந்த நோய். ரவுட்டர்களுக்குள் அளவுக்கு மீறி வைத்த தாங்கல்களில் பொட்டலங்கள் வரிசையில் தேங்குவதே காரணம் என்று 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் சுட்டிக்காட்டி, ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் அதற்கொரு வழிமுறையைத் தந்தார்கள். அதை உண்மையான வீட்டுப் பெட்டிகளில் இட்டுச் சோதிக்க இடம் வேண்டுமே? டேவ் டாட் என்பவர் முன்னின்று நடத்திய செரோவர்ட் என்ற ஆய்வுப் பிரிவு ஓப்பன்வர்ட்டின்மேல் கட்டப்பட்டது. அங்கே பதம்பார்த்த எஃப்க்யூ-கோடெல் வரிசைமுறை லினக்ஸ் கெர்னலுக்குள் சென்று, 2018இல் இணையத் தரநிலை ஆவணங்களுள் ஒன்றாகவும் வெளிவந்தது. உங்கள் வீட்டுக் காணொளி அழைப்பு திக்காமல் ஓடினால் அதில் அவருக்கும் பங்கு இருக்கக்கூடும். 2025 ஏப்ரல் முதல் நாள் டேவ் டாட் மறைந்தார்.

பட்டறையை மூடவைக்கும் ஆபத்தும் ஒருமுறை வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில கருவிகள் வானிலை ரேடாருக்கு இடையூறு செய்ததை ஒட்டி, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2015இல், அயலார் மென்பொருளைப் பதிக்கவிடாமல் கருவியை எப்படிப் பூட்டியுள்ளீர்கள் என்று தயாரிப்பாளர்களைக் கேட்கத் தொடங்கியது. டேவ் டாட்டும் வின்ட் செர்ஃபும் முன்னின்று, இருநூற்றுக்கு மேற்பட்ட வல்லுநர்களின் கையொப்பத்தோடு எதிர்வாதம் அனுப்பினார்கள். பூட்டுவதற்கு மாறாக மூலநிரலைத் திறந்து, புதுப்பிப்பைக் கட்டாயமாக்குங்கள் என்பது வாதத்தின் சாரம். ஆணையம் தன் சொற்களைத் திருத்திக்கொண்டது. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனம் வேறொரு மீறலுக்காக 2 லட்சம் டாலர் கட்ட ஒப்பியபோது, திறமூலச் சமூகத்தோடு சேர்ந்து பணியாற்ற வழி காணவேண்டும் என்பதும் உடன்பாட்டில் இடம்பெற்றது.

ஆனால் வெளியிலிருந்து வந்த ஆபத்தைவிட உள்ளே வளர்ந்ததுதான் பெரிது. 2016 மே மாதத் தொடக்கத்தில், ஓப்பன்வர்ட்டின் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்துவந்தவர்களில் பலர் சேர்ந்து ‘லீட்’ என்ற புதிய திட்டத்தை அறிவித்துப் பிரிந்தார்கள். லினக்ஸ் எம்பெடட் டெவலப்மென்ட் என்விரான்மென்ட் என்பதன் முதலெழுத்துகள். முடிவுகள் மூடிய அறையில் எடுக்கப்படுகின்றன, சேவையகங்கள் அடிக்கடி வீழ்கின்றன, அவற்றின் சாவிகள் ஓரிருவர் கையில் உள்ளன, புதியவர் உள்ளே வர வழியில்லை என்பன அவர்கள் குறைகள். எஞ்சியவர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதே: வெளிப்படைத்தன்மை வேண்டிப் பிரிகிற நீங்கள் இந்தப் பிரிவை மட்டும் ஏன் இரகசியமாகத் திட்டமிட்டீர்கள்? பிரிந்தவர்களின் ஓப்பன்வர்ட் மின்னஞ்சல் முகவரிகள் முடக்கப்பட்டன. கூட்டுக்குடும்பம் உடைந்த வீட்டில் பாத்திரம் பகிர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிறுமை புதிதல்ல.

ஏறக்குறைய இருபது மாதங்கள் இரண்டு வீடு. பெயர் ஒருபுறம், உழைப்பு மறுபுறம். 2017 பிப்ரவரியில் லீட் தன் முதல் வெளியீட்டைக் கொண்டுவந்தது. நெடிய பேச்சுக்குப் பிறகு 2018 ஜனவரியில் இரண்டும் இணைந்தன. பெயர் ஓப்பன்வர்ட், நிரலும் விதிகளும் லீடுடையவை. அந்த விதிகளை வாசிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு பழைய காயம் தெரிகிறது. திட்டத்தின் பெயரில் யாருக்கும் மின்னஞ்சல் முகவரி தரப்படாது. மூன்று மாதம் தொடர்ந்து தொடர்புக்கு எட்டாதவரின் எழுதும் உரிமையும் வாக்குரிமையும் நீக்கப்படும். பெரும்பான்மை வாக்கே முடிவு. மதுக்கலவைப் பெயர்களும் போயின, 18.06 முதல் வெறும் ஆண்டும் மாதமும்தான். எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

ஒழுங்கு வந்ததால் பிழை ஒழிந்துவிடவில்லை. பொதிகளை நிறுவும் கருவி, ஒவ்வொரு பொதியின் கைரேகை எண்ணையும் சரிபார்த்த பிறகே நிறுவவேண்டும். 2017 பிப்ரவரியில் சேர்ந்த ஒரு மாற்றத்தின் பிறகு, அந்த எண்ணுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைக் கருவி விழுங்கத் தவறியது. எண் படிக்க முடியாததாகத் தோன்றவே, சரிபார்ப்பையே சத்தமின்றித் தாண்டிப்போனது. ஒரு வெற்றிடம்! மூன்றாண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. 2020 ஜனவரியில் திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மற்றொன்று. பயனர் கேட்கும் பொதிகளோடு பிம்பத்தை உடனுக்குடன் கட்டித்தரும் சேவையில், 64 எழுத்துக் கைரேகையின் முதல் 12 எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டிருந்தார்கள். முயன்றால் போலிப் பிம்பத்தை மற்றவருக்குக் கிடைக்கச் செய்யலாம் என்று ஆய்வாளர் ஒருவர் செய்தே காட்டினார். தகவல் வந்ததும் சேவையை நிறுத்தி, மூன்று மணி நேரத்தில் சரிசெய்து, நடந்ததை முழுதாக வெளியிட்டார்கள். தீங்கு நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் எங்களிடம் ஏழு நாள் பதிவேடுதான் இருக்கிறது, எனவே அதே பதிப்பை மீண்டும் பதித்துக்கொள்ளுங்கள் என்பதையும் மறைக்கவில்லை. என் பழைய ரவுட்டரின் தயாரிப்பாளரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன், 2024 நவம்பர் இறுதியில், ஓப்பன்வர்ட் ஒன் என்ற ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. திட்டத்தின் நிரலாளர்கள் தாமே வடிவமைக்க, பனானா பை தயாரிக்க, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி துணைநிற்க உருவான பெட்டி. வெளியானபோது கூட்டோடு விலை 89 டாலர். ஒவ்வொன்றிலும் பத்து டாலர் திட்டத்தின் நிதிக்குச் செல்லும். மீடியாடெக் சில்லு, ஒரு கிகாபைட் நினைவகம், 256 மெகாபைட் ஃபிளாஷ். அதைத் தவிர, எளிதில் அழிக்க முடியாதபடி தனியே 16 மெகாபைட் ஃபிளாஷ் ஒன்றும், இரண்டுக்கும் இடையே மாற்ற ஒரு சிறு பொத்தானும் பலகையில் உண்டு. பதிக்கும்போது எதைக் கெடுத்தாலும் பொத்தானை நகர்த்தி மீட்டுக்கொள்ளலாம். கெட்டுப்போன பெட்டிகளோடு இருபதாண்டு இரவுகளைக் கழித்தவர்கள் முதலில் கேட்டுக்கொண்ட வசதி அதுவாக இருந்ததில் வியப்பில்லை. தம் சொந்தப் பெட்டி என்பதற்காக அதற்குத் தனி வழி எதுவும் திறந்துவிடவில்லை. மற்ற எல்லாப் பெட்டிகளையும்போல அதற்கும் ஒரு டிவைஸ் ட்ரீ கோப்பு உண்டு. மீடியாடெக் பட்டியலில், அகரவரிசைப்படி அதற்குரிய இடத்தில் அதன் பெயர் இருக்கிறது.